சட்டைப்பையில் இருந்த சீட்டு

அன்று வீட்டில் நானும் அப்பாவும் இருந்தோம். டாக்சி ஓட்டப்போகிற அண்ணன் மட்டும் இல்லை. பாகூரிலிருந்து சைக்கிளில் வந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட், காற்சட்டை நுனியைச் சாக்குநூலால் கட்டியிருந்த ஒல்லி மனிதர். கரும்புப் பணத்தில் வாங்கிய எங்கள் பழைய அம்பாசிடரின் நான்கு கதவுகளையும் திறந்து மூடிப் பார்த்தார்.

"முழு பாலிசியா போடுங்க தம்பி. நம்ம வண்டி அடிபட்டாலும் பணம் வரும்."

வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். இடிபட்டவருக்கு மட்டும் பணம் தரும் பாலிசியே போதும் என்று டவுன் ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். நூற்றெழுபது ரூபாய் குறைவு. அங்கேயே போடுவதாகச் சொல்லிவிட்டேன்.

"இன்னாடா, இம்மாந் தூரம் வந்திருக்காரு," என்றார் அப்பா.

ஏஜென்ட் கோபிக்கவில்லை. எல்லோருக்கும் கொடுப்பதுபோல், தன் வீட்டுக்கு வழி எழுதிய சீட்டு ஒன்றைக் கொடுத்துப் போனார். இரவு வீடு திரும்பிய அண்ணன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஐந்தாம் மாதம் வண்டி மதகுச் சுவரில் மோதியது. யாரோ சீட்டைப் பார்த்து அவருக்கு ஆளனுப்ப, எங்களுக்கு முன்பே வந்து அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். டவுனிலிருந்து ஒருவரும் வரவில்லை. ரத்தம் காய்ந்த சட்டையோடு நின்றவரிடம் கேட்டேன்.

"பாலிசி ஒங்ககிட்ட போடலியே சார்?"

"சீட்டு என்னுதுதானே தம்பி."

அந்தப் பதில் இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. அண்ணனுக்கு வலது கால் போயிற்று. வண்டிக்கு நாங்கள் கையிலிருந்து கட்டியது ஆறாயிரத்து நானூறு ரூபாய்.