ஸ்கிரீன் நகராத ஞாயிற்றுக்கிழமை

அடாப்டர் சூடாகி ஒரு வாசனை வரும்... வீட்டில் வீடியோ கேம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். இருக்கிற ஒரே டேபிள் ஃபேனை அடாப்டர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நாங்கள் வியர்வையில் நனைந்தபடி ஆடுவோம்.

தொண்ணூறுகளின் நடுவில், சிட்லபாக்கம் வீட்டில். எனக்கு எட்டாம் வகுப்பு, அண்ணனுக்குப் பத்து.

எங்களிடம் இருந்தது ஒரே கேசட். ஓடி, தாவி, சுட்டுக்கொண்டே போகிற கேம். ஒருவர் அவுட் ஆனால்தான் அடுத்தவருக்கு சான்ஸ். அண்ணன் லேசில் அவுட் ஆக மாட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்பேன். ஒருவழியாக என் கைக்கு வந்தால் முதல் பள்ளத்திலேயே காலி. அந்த கேமில் தாவினால் தாவியதுதான், நடுவில் திரும்ப முடியாது.

கோடை லீவில் அண்ணன் அந்தக் கேசட்டைத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்துக் கடையில் கொடுத்து, அதே கேமின் இரண்டாவது பார்ட்டை வாங்கி வந்தான். பிடிக்கவில்லை என்றால் ஞாயிறு சாயங்காலத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றாராம் கடைக்காரர்.

இதில் அந்தரத்திலேயே திரும்பலாம்! செத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், பாதி வழியில் இருக்கும் கொடியிலிருந்து தொடரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக... இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடலாம். அவன் சிவப்பு, நான் பச்சை.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"இதெல்லாம் ஒரு கேமா? ரொம்ப ஈஸி. சாயங்காலம் மாத்திட்டு வந்துடறேன்."

"ஈஸி இல்லண்ணா. நியாயமா இருக்கு."

"உனக்கு ஆட வருதுல்ல, அதான்."

உண்மைதான். மாற்றிவிட்டால் எனக்கு மறுபடியும் முறுக்குதான்.

ஞாயிறு மத்தியானம், கடைசி லெவல். பழைய பார்ட் பழக்கத்தில் அவன் தனியாகப் பாய்ந்து ஓடி, ஸ்கிரீன் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றான். இதில் இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் ஸ்கிரீன் நகரும். அவனைச் சுற்றிக் குண்டு மழை.

"வாடி சீக்கிரம்! ஒரே லைஃப்தான் இருக்கு!"

நான் கன்ட்ரோலரை மடியில் வைத்தேன்.

"கேசட்ட மாத்த மாட்டேன்னு சொல்லு."

"லூசு, முதல்ல வா!"

"சொல்லு."

"அம்மா, இவளப் பாரும்மா!"

உள்ளேயிருந்து அம்மா, "பிக்சர் டியூப் போகப்போகுது, ரெண்டு பேரும் ஆஃப் பண்ணுங்க!"

"சரி, மாத்தல. வந்து தொலை!"

போனேன். சேர்ந்துதான் முடித்தோம்.

இப்போது என் மகளும் அண்ணன் மகனும் அவரவர் வீட்டிலிருந்தே ஆடுகிறார்கள். ஆளுக்கொரு ஸ்கிரீன். கிராஃபிக்ஸ் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை...

போன வாரம் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளில் அண்ணன் வழக்கம்போல் விறுவிறுவென்று முன்னால் ஏறிப் போனான். உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்து நின்றான்.

"வாடி. ஸ்கிரீன் நகர மாட்டேங்குது."

நான் பாதிப் படியில் நின்றுகொண்டேன்.

"எந்த பார்ட் பெஸ்ட்னு சொல்லு, வரேன்."