ஆலாவும் கோரையும்

செய்தது நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரத் துரைகள் காலம். வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், ஆடி மழையில் கொழுந்துக் காட்டில் விழுந்து கிடந்த ஒரு பறவையைக் கூடையில் தூக்கிப்போய், சதுப்பில் கோரைக்கு நடுவே மெல்ல இறக்கி விட்டேன். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, விரலிடுக்கில் சவ்வு. நீர்ப்பறவை என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டினேன். குளத்துத் தாரா வாத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? கொஞ்ச நேரத்தில் இறகெல்லாம் ஊறி, கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது.

இடுப்பளவு சேற்றில் இறங்கி அதைத் தூக்கியவள் என் மதினி. தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்தவள்.

“ஏட்டி கோட்டிக்காரி! ஆலா இது. கடலுக்கு மேலயேதான் சுத்தும், தண்ணியில உக்காராது. உக்காந்தா றெக்கை நனைஞ்சு செத்துப்போவும். காத்துதான் இங்க கொண்டாந்து போட்டிருக்கு.”

என் அண்ணன் காய்ச்சலில் போய் அப்போது ஒரு வருஷம். தாய்வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று மதினி கேட்டுக்கொண்டே இருந்தாள், அம்மா விடவில்லை. “கோரையப் பாரு, கழுத்தளவு தண்ணியில நின்னாலும் பச்சையாத்தான் இருக்கு. நீயும் இருந்து பழகு” என்பாள். நானும் அம்மா பக்கம்தான். மதினி போய்விட்டால் அந்த ஒற்றை அறை லயத்து வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. அந்தச் சுயநலத்துக்குப் பாசம் என்று பேர் வைத்திருந்தேன்.

இரண்டு நாள் ஆலாவை அடுப்போரம் சாக்கில் வைத்து உலர்த்தி, அலகைத் திறந்து ஓடை மீனை ஊட்டினாள். மூன்றாம் நாள் மழை விட்டதும் மேட்டு உச்சிக்குப் போய்க் காற்றுக்கு எதிரே உயர்த்திப் பிடித்தாள். அது ஒருமுறை தடுமாறியது. பிறகு மேற்கே போயே விட்டது. கீழே வந்தவள் நேராக அம்மாவிடம் போனாள்.

“கோரைய நான் கொறை சொல்லல அத்தை. அதுக்குச் சேத்துல வேர் இருக்கு, நிக்குது. எனக்கு இங்க என்ன இருக்கு? நாளைக்குப் போறேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். வழக்கம்போல ஒத்து ஊதுவேன் என்று நினைத்திருப்பாள். நான் அடுப்போரம் கிடந்த ஆலாவின் சாக்கை மடிக்கப் போய்விட்டேன்.

இந்த வயதிலும் நான் இதே மலையில்தான் இருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் என்னால் நிற்க முடிந்தது என்பதற்காக அவளையும் நிற்கச் சொன்னோமே, அதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் போகாமல், மதினியின் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு குமுளி இறக்கம்வரை கூடவே நடந்தேன். திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்றாள்.

“யாரக் கேட்டு அவ போனா?”

“யாரையும் கேக்கல. நான்தான் அனுப்பி வச்சேன்” என்றேன்.