அறந்தாங்கி பஸ்ஸில் வாய்ப்பூட்டு

இன்று அறந்தாங்கி பஸ்ஸில் என்னைச் சாமியாக்கிவிட்டார்கள்.

பிறவியிலேயே உதடு பிளந்தவள் நான். சின்ன வயதிலேயே உதட்டைத் தைத்துவிட்டார்கள். மேல்தாடை மட்டும் சரியாக வளராமல் உள்ளடங்கிப் போனது. போன மாதம் மதராஸ் ஆஸ்பத்திரியில் அதை அறுத்து முன்னால் நகர்த்தி, இரண்டு தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். வாயைத் திறக்கவே முடியாது.

பக்கத்தில் உட்கார்ந்த பெண் பல்லிடுக்கில் கம்பியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேண்டுதலுக்கு அலகு குத்தியிருக்கிறேனாம்!

"வாய்ப்பூட்டா? எந்த ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டீங்க?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"பேசக் கூடாதுல்ல, மறந்துட்டேன்" என்று மடியிலிருந்த குழந்தையை என் கையில் திணித்தாள். அதற்கும் என்னைப் போலவே பிளந்த உதடு.

"தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க. தன்னால ஒட்டிக்கிரட்டும்."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று கத்த வேண்டும் போலிருந்தது. உறுமல்தான் வந்தது.

"ஆத்தா வந்துட்டா!" என்று பின்சீட்டில் ஒருவர் எழுந்து கும்பிட்டார்.

முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணனைத் தலையில் தட்டி எழுப்பினேன். அவன்தான் எல்லாவற்றையும் விளக்கினான்.

அவள் ஆஸ்பத்திரி எங்கிட்டு இருக்கிறது, எப்படிப் போக வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கும்போது என்னை முறைத்தாள்.

"இத மொதல்லயே நீங்க சொல்லியிருக்கலாம்ல? இம்புட்டு நேரம் கம்முனு உக்காந்துருக்கீங்க!"

கம்பியை அவிழ்ப்பதற்குள் இதற்கு ஒரு பதில் வேண்டும். தோன்றினால் சொல்லுங்கள்.