தனுஷ்கோடியில் மாட்டிக்கொண்ட அச்சு மிஷின்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்பெல்லாம் சௌக்கியம்தான். தனுஷ்கோடி சுங்கக் கொட்டகையில் ஒரு அச்சு மிஷினுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன்.

மிஷின், என் தங்கை புருஷன் முத்தையாவுடையது. கொழும்பில் ஒரு செட்டியார் பிரஸ்ஸில் பல வருஷம் அவன் காலால் மிதித்து ஓட்டிய அதே மிஷின். செட்டியார் கடையைக் கட்டியபோது, சேமிப்பையெல்லாம் கொடுத்து அதை வாங்கிவிட்டான். இனி ராமநாதபுரத்தில் சொந்த பிரஸ். இரண்டு பெண் குழந்தைகள்... எல்லாம் இந்த இரும்பை நம்பித்தான்.

‘கஸ்டம்ஸுக்கு ஏஜென்ட் எதற்கு? நான்தான் இங்கிலீஷ் பேசுவேனே’ என்று அவனுக்கு எழுதியவன் அடியேன். பேசினேன். ஆபீசர் பொறுமையாகக் கேட்டார்.

“பழைய தொழில் சாமான் என்றால் விடலாம் சார். இது புத்தம் புதுசு. இம்போர்ட் லைசென்ஸ் எங்கே?”

புதுசா? திரும்பிப் பார்த்தேன். கிளிப்பச்சைப் பெயிண்ட், இரண்டு பூச்சு. பித்தளையில் முகம் பார்க்கலாம்.

“என்ன மாப்பிள்ளை இது?”

“ஊருக்குப் பழைய சாமானைக் கொண்டாந்தா நாலு பேரு என்ன மச்சான் சொல்லுவாக?”

கொழும்பிலிருந்து வருகிறவன் தகரப் பெட்டிக்குக்கூட மெருகு போட்டுத்தான் இறங்குவான் — நம் பக்கத்து வழக்கம். செட்டியாரின் ரசீதைக் காட்டினோம். “ரசீது யாரும் எழுதலாமே” என்றார் ஆபீசர். லைசென்ஸ் இல்லையென்றால் பறிமுதல், அப்புறம் ஏலம். முத்தையா மிஷின்மேல் கையை வைத்தபடி நின்றான்.

மறுநாள் பாம்பனுக்கு ரயிலேறி ஓடினேன். செய்யது மரைக்காயரைத் தேடி. கப்பல் சரக்கை விடுவித்துக் கொடுக்கிற ஏஜென்ட். உடனே கிளம்பி வந்தார். சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. மிஷினை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“ஏன் தம்பி, செட்டியார் பிரஸ்ஸுன்னா சரசுவதி பூசை உண்டுல்ல? மிசினுக்குப் பொட்டு எங்கன வைப்பீக?”

“முன்பக்கம் மொதலாளி வைப்பாரு” என்றான் முத்தையா. “நான் மிதிபலகைக்கு மேல, சட்டத்துக்கு உள்பக்கமா, யாருக்கும் தெரியாம ஒண்ணு வச்சுக்கிருவேன். தெனமும் காலால மிதிக்கிறோம்ல...”

மரைக்காயர் வெள்ளைக் கைலியோடு தரையில் படுத்துவிட்டார். டார்ச்சை அடித்தார். “அய்யா, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.”

ஆபீசரும் குனிந்தார். பெயிண்ட் எட்டாத இடம். எண்ணெய்ப் பிசுக்கில் சந்தனம், அதன்மேல் குங்குமம், மறுபடி சந்தனம்... வருஷத்துக்கு ஒன்றாகக் காய்ந்து, ஓர் அடை மாதிரி கனத்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார் ஆபீசர்.

“புது மிஷினுக்கு இத்தனை பூஜை ஆகியிருக்காது” என்று சொல்லி, ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

வருஷம் தவறாமல் சரஸ்வதி பூஜை செய்கிற வீட்டுக்காரன் நான். எனக்குத் தோன்றியதா? என் இங்கிலீஷை வைத்துக்கொண்டு என்ன செய்தேன்? தொழில் தெரிந்தவரைத் தேடிப்போவது வீண் செலவு என்று இனி யாராவது சொல்லட்டும், பேசிக்கொள்கிறேன். அந்த மனிதரை நினைத்தால் தானாகக் கை குவிகிறது.

மிஷினைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றியானதும் மரைக்காயர் முத்தையாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“தம்பி, இந்த வருசம் பொட்டை முன்பக்கமே வையுங்க. இப்ப மொதலாளி நீங்கதானே.”

கொழும்புக் கோட்டுப் போட்டிருந்த முத்தையா, பிளாட்பாரம் என்றும் பாராமல் அழுதுவிட்டான். நான்?... கேட்காதீர்கள்.