மத்தாப்புக் கம்பியில் கட்டிய யாழ்

அச்சு மை வாடைக்கு நடுவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். திருத்தங்கலில் இந்த அச்சகம், பின்னால் அட்டைப்பெட்டி ஒட்டும் கொட்டகை, மகள்களுக்கு ஆளுக்கொரு வீடு, எல்லாமே நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், யார் தயவும் இல்லாமல் கட்டியவை. அந்த வரிசையில் ஒரு யாழும் உண்டு என்பது யாருக்கும் தெரியவில்லை, அதுதான் என்னை ஒரு வாரமாக உட்கார விடாமல் அடிக்கிறது.

முத்துப்பேச்சி பாடிய 'மருந்து காயாத நாள்' பாட்டுத் தொகுப்பு பென் டிரைவில் விற்கிறது, வாங்கிக் கேளுங்கள். எல்லாம் அவளே கட்டிய பாட்டு, யாழ் மீட்டுவதும் அவளே. குரல் கரகரப்பாகத்தான் இருக்கும், அதற்காக நிறுத்திவிடக் கூடாது. மழையில் குச்சி மருந்து காயாமல் வேலை நின்றுபோன தீப்பெட்டிக் கொட்டகையைப் பற்றிய பாட்டில் யாழ் ஒரே நரம்பைத் திரும்பத் திரும்பத் தொடும். அதைக் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

சின்ன வயதில் எம். புதுப்பட்டித் தீப்பெட்டிக் கொட்டகையில் எனக்கு எதிரே உட்கார்ந்து 'கட்டையடுக்கி'யவள் அவள். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் குச்சிகளை நிறுத்தும் வேலைக்கு அதுதான் பெயர். அவள் இழுத்துப் பாடினால் கொட்டகை முழுக்கக் கை மெதுவாகிவிடும் என்பதால் கங்காணி கத்துவார்: "அடியே பேச்சி, பாடுறதுன்னா வெரசாப் பாடு! ஒன் பாட்டுக்கு அம்புட்டுப் பேரும் தூங்கி விழுறாக!" வெரசான பாட்டுக்கு அடுக்கி அடுக்கி என் விரல் நுனியெல்லாம் எரியும்.

என் அப்பா கம்பி மத்தாப்புக் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே வெட்டாமல் மிஞ்சிய கம்பியை எடுத்துவந்து, ஒரு உடைந்த சட்டத்தில் ஆணியடித்து இழுத்துக் கட்டினேன். சோற்றுவேளையில் பேச்சி அதை மடியில் வைத்துச் சுண்டினாள், காதை ஒட்டிக் கேட்டாள், "ஏலே சீனி, இது அழுவுதுலே!" என்றாள். அன்றிலிருந்து கங்காணி சாப்பிட்டு வரும்வரை அவள் இஷ்டத்துக்கு இழுத்துப் பாடினாள்.

இப்போதைய தொகுப்பின் அட்டையை அடித்தது என் அச்சகம்தான். மாதிரித் தாளில் நிறம் சரியா, வெட்டுக்கோடு நேரா என்று பார்த்து, நானே கையெழுத்துப் போட்டேன். எழுத்தைப் படிப்பது ஆர்டர் கொடுத்தவர் பாடு, நான் அதில் கண் வைப்பதில்லை. லோடு போன பிறகு மகள் வாசித்துக் காட்டினாள்: பதிவு செய்தவர் பெயர் இருக்கிறது, இப்போதைய யாழைச் செய்த தச்சர் பெயர் இருக்கிறது, டீ வாங்கி வந்தவர் பெயர்கூட இருக்கிறது, என் பெயர் இல்லை.

போன் போட்டேன். பேச்சி சிரித்தாள். "அந்த ஒடஞ்ச சட்டமா? சுண்டுனா வெரலைக் கிளிக்குமே, அதுக்குப் பேரு வேணுமாக்கும்! சரின்னு கையெழுத்துப் போட்டது நீதானலே?"

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று லாரிகள் நிற்கின்றன, குச்சியை மெஷின் அடுக்குகிறது, அதற்குப் பாட்டு தேவையில்லை. ஆனால் அட்டைக்கு இரண்டாவது ஆர்டர் வந்திருக்கிறது, அச்சுப் பிளேட் இன்னும் போடவில்லை. 'முதல் யாழ் கட்டியவர் சீனிச்சாமி' என்று ஒரு வரி வர வேண்டும், எழுத்து சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு வரியை நானே எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் மெஷின் ஓடும்.