நாற்பதைத் தாண்டாத பத்மினி

பள்ளத்தூர் ஏகப்பனுக்குக் காரைக்குடியில் ஹார்டுவேர் கடை. கடையில் இருக்கும்போதும் மனுஷனுக்கு நினைப்பெல்லாம் வீட்டுக் கொல்லையில் போட்டிருந்த தகரக் கொட்டகை மேலேதான். இரும்புக்கடைக்குப் போக இருந்த பழைய பிரீமியர் பத்மினி கார் ஒன்றை வாங்கி இழுத்துவந்து அங்கே நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதற்கடியில் கால் மட்டும்தான் வெளியே தெரியும்.

“அந்த எடத்துல ஒரு மாட்டக் கட்டியிருந்தாலும் பாலாவது கறந்திருக்கும்” என்று மனைவி ரோகிணி ஆரம்பத்தில் கரித்துக்கொட்டினாள். அப்புறம் ஒருநாள் டார்ச் லைட் பிடிக்க ஆளில்லாமல் அவர் கூப்பிட, அலுத்துக்கொண்டே வந்தவள், வந்தவள்தான். மகள் சித்ராவைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தானே? காப்பியைக் கொட்டகைக்கே கொண்டுவந்துவிடுவாள். கையை நீட்டினால் போதும், பத்து-பதினொண்ணு ஸ்பேனர் கைக்கு வந்துவிடும். கேட்கவே வேண்டியதில்லை.

வேறு காரிலிருந்து கழற்றிய சீட்டு, ஐந்து கியர் உள்ள பெட்டி, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தது. நிறம் மட்டும் ரோகிணி சொன்னது. கத்தரிப்பூ நிறம்! கத்தரிப்பூ நிறத்தில் கார் எங்கேயாவது உண்டா? ஊரே சிரித்தது. ஏகப்பன் அதையே அடித்தார்.

கடைசியாக எஞ்சின். காரைக்குடியில் லேத் வைத்திருக்கும் நியாஸ் சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டுக் கொடுத்தான். கொடுக்கும்போது ரோகிணியையும் வைத்துக்கொண்டுதான் சொன்னான்: “அண்ணே, ஆயிரம் கிலோமீட்டருக்கு நாப்பதத் தாண்டாதீக. ஒண்ணோட ஒண்ணு ஒரசிப் பழகணும். அதுக்குள்ள வெரட்டுனீகன்னா பிஸ்டன் புடிச்சு எஞ்சின் நின்னுரும். அப்புறம் எங்கிட்ட வந்து அழுகக் கூடாது.”

இந்த வேலையில் இறங்கியவர்களுக்கு அது வேதவாக்கு. ஏகப்பன் தன் சர்க்கரை மாத்திரையை மறப்பார், இதை மறக்கமாட்டார். சாயங்காலமானால் இருவரும் ஊர்வலம் போவதுபோல் கானாடுகாத்தான் வரை போய்த் திரும்புவார்கள். முள் நாற்பதைத் தொட்டால் ரோகிணியே “ம்ம்ம்” என்று செருமுவாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுக்கு நெஞ்சைப் பிசைந்தது. வாயு என்று ஓமம் மென்றாள். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வியர்த்து ஊற்றியது.

“தாடையெல்லாம் இழுக்குதுங்க.”

பக்கத்து வீட்டு ஈஸ்வரி ஓடிவந்து, “அண்ணே, ஆம்புலன்ஸுக்குப் போன் போடவா?” என்றாள்.

“வீட்ல வண்டிய வச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ் எதுக்கு?” என்றார் ஏகப்பன். அந்த அவசரத்திலும் ஒரு பெருமை பாருங்கள், பாழாய்ப்போன பெருமை!

அவளை முன்சீட்டில் உட்காரவைத்துக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கோட்டையூர் தாண்டும் வரைக்கும் முள் நாற்பதிலேயே நின்றது. வேண்டுமென்று அப்படி ஓட்டவில்லை. கால் அப்படிப் பழகிவிட்டது. டவுன் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. புல்லுக்கட்டோடு டி.வி.எஸ். ஐம்பதில் போன ஒருவன்கூட இவர்களை முந்திக்கொண்டு போனான். அதைப் பார்த்த பிறகுதான் ஏகப்பனுக்குச் சுரீரென்றது. மிதித்தார். எஞ்சின் சத்தம் மாறியது.

ரோகிணி கண்ணைத் திறந்தாள். அவர் தொடைமேல் கையை வைத்தாள்.

“வேணாங்க. வெரட்டாதீக. நியாஸ் சொன்னான்ல?”

“ஒனக்கு எப்படி இருக்கு?”

“இப்பத் தேவல. மெல்லப் போங்க. எம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்சீக...”

அவர் காலை எடுத்துவிட்டார். அட, அந்த இடத்தில் எந்தப் புருஷன்தான் நம்பமாட்டான்? தேவலை என்றாளே!

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது அவள் தலை சாய்ந்திருந்தது. உள்ளே கொண்டுபோய் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். வெளியே வந்த டாக்டர், “கொஞ்சம் முந்தி கொண்டுவந்திருக்கலாம்” என்றார். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான். அது ஏகப்பனை எங்கே போய்த் தைக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் விதி என்றார்கள். சித்ரா, “அம்மா உங்க கார்லயேதானப்பா போச்சு, அதுவே அதுக்குப் பெரிசு” என்று ஆறுதல் சொன்னாள். ஏகப்பனால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாற்பதில் போன கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நியாஸும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல், போகும்போது கேட்டான்: “வண்டி நல்லா ஓடுச்சாண்ணே? அன்னைக்கு ரொம்ப வெரட்டிட்டீகளா?”

“இல்ல,” என்றார் ஏகப்பன். “வெரட்டல.”

கருமாதி முடிந்து சித்ரா ஊருக்குப் போன மறுநாள், விடிந்ததும் அவர் காரை எடுத்தார். பைபாஸுக்கு வந்ததும் முழுதாக மிதித்தார். அறுபது, எண்பது, அதற்கும் மேலே. அந்த எஞ்சின் கெட்டுப்போக வேண்டும் என்று தவித்தார். நடுரோட்டில் பிஸ்டன் பிடித்துப் புகை கக்கி நின்றுவிட்டால் போதும். அன்றைக்கு விரட்டியிருந்தாலும் பாதி வழியில் நின்றிருக்கும், அவளைச் சேர்த்திருக்க முடியாது என்று தன்னைத்தானே ஒருவழியாகத் தேற்றிக்கொள்வார். அந்த ஒரு ஆறுதலைத் தேடித்தான் அந்த ஓட்டம். “புடிச்சுத் தொலையேன், சனியனே!” என்று ஸ்டியரிங்கில் குத்திக் குத்திக் கத்தினார்.

திருமயம் பக்கம் ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமலே இறங்கிப் பானட்டைத் திறந்தார். எண்ணெய்க் கசிவு இல்லை. தண்ணீர் கொதிக்கவில்லை. புகை இல்லை. ஒரு பிசிறு தட்டாமல், பதவிசாக ஓடிக்கொண்டிருந்தது.

ஏகப்பன் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்தார்.

“ஓடியிருக்குமேடி,” என்றார். “ஓடியிருக்குமே, ரோகிணி.”