ஒன்பது பேருக்கு எதிராக

பல்லக்கா செய்ததெல்லாம் பிறர் வாயில் இருக்கிறது. இருபத்தாறு வருடங்களாகப் பல் செட் செய்கிறாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் வரிசை கட்டி, பிளாஸ்டிக்கில் வார்த்து, தேய்த்து, பளபளப்பாக்கி அனுப்பிவிடுவாள். அந்த வாய்களை அவள் பார்த்ததில்லை. கடைவீதியில் யாராவது சிரித்தால் ஒரு கணம் நின்று பார்ப்பாள். தன் வேலைதானா என்று தெரிந்துகொள்ள வழி கிடையாது.

அவளுடையது என்று சொல்ல ஒன்று இருந்தது. கட்டைவிரல் உயரத்தில் ஒரு முரசுக்காரன். வேலை செய்யும் லேபில் மிஞ்சிய ஈறு நிறப் பிளாஸ்டிக்கில் மூன்று மாதம் உட்கார்ந்து செய்தது. வாயைத் திறந்து கத்திக்கொண்டிருப்பான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உள்ளே பல் வரிசை தெரியும்.

அவன் தொண்ணூறு பேர் கொண்ட ஒரு படையைச் சேர்ந்தவன். மற்றவர்கள் கடையில் வாங்கி அவள் வண்ணம் பூசிய சதுப்புநில மனிதர்கள். பச்சைத் தோல், கையில் ஈட்டி. கவசம் என்று எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சைக்கிள் கடைக்கு மேலே உள்ள அறையில் போர் நடக்கும். ஆறடிக்கு நாலடி மேஜை, அதன்மேல் தெர்மோகோலில் வெட்டிய மூன்று மேடுகள். ஜன்னல் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, கதவுப் பக்கம் ஒன்று. மாற்றி மாற்றிப் பொம்மைகளை நகர்த்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை போட்டு யார் செத்தார் என்று தீர்மானிப்பார்கள். மொத்தம் ஆறு சுற்று. ஒரு மேட்டில் யாருடைய ஆட்கள் அதிகமோ அந்த மேடு அவருடையது. கடைசியில் இரண்டு மேடுகள் யார் கையில் இருக்கின்றனவோ அவருக்கு வெற்றி.

அந்த அறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்தவர் தோற்றவர் படையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்துக்கொள்ளலாம். எது வேண்டும் என்று ஒரு தடவைதான் சொல்லலாம். சொன்னதை மாற்றக் கூடாது. பிடித்த பொம்மையை வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு வரவும் கூடாது. வழக்கத்தை ஏற்படுத்தியவர் சைக்கிள் கடைக்காரர். நடுவரும் அவர்தான்.

பல்லக்கா தொடர்ந்து ஐந்து வாரம் ஒரே ஆளிடம் தோற்றாள். அவர் டவுன் பஸ் டிரைவர். நிதானமாக ஓட்டுவதால் ஆமை என்று பெயர். அவர் படையில் ஒன்பதே பேர், இரும்புக் கவசம் போட்ட குள்ளர்கள். மெதுவாகத்தான் நடப்பார்கள், ஆனால் விழ மாட்டார்கள். அவளுடைய ஆள் ஒரு குள்ளனைக் காயப்படுத்தப் பகடையில் ஆறு விழ வேண்டும். விழுந்தாலும், அதன்பின் டிரைவர் போடும் பகடையில் ஒன்று விழுந்தால்தான் குள்ளன் சாவான். ஐந்து ஆட்டங்களில் அவள் கொன்றது இரண்டு பேரை.

ஐந்தாவது தடவை ஜெயித்தபோது டிரைவர் ஒரு சாதாரண ஈட்டிக்காரனை எடுத்துக்கொண்டு சொன்னார்.

"முதல் வாரத்துலேர்ந்து கண்ணு வெச்சிருக்கேன்க்கா, அந்த முரசுக்காரன் மேல. சங்கடமா இருந்துச்சு, அதான் வேற வேற எடுத்தேன். அடுத்த தடவை அவன்தான். முன்னாடியே சொல்லிடறேன்."

"ஜெயிச்சிட்டுச் சொல்லுங்க தம்பி."

"அதுல என்னக்கா சந்தேகம்?" என்றார், உண்மையாகவே புரியாமல்.

வீட்டில் கணவர், ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் செய்பவர், எளிதாக வழி சொன்னார்.

"போறத நிறுத்திடு. முரசுக்காரன அலமாரியில வெச்சு அழகு பாரு."

"தொண்ணூறு பேர் ஒன்பது பேர்கிட்ட எப்படித் தோப்பாங்க? அது தெரிய வேண்டாமா?"

"இதுல என்ன அதிசயம்? உங்க வீட்டுல பதினோரு பேர். இந்தப் பக்கம் நான் ஒருத்தன். ஜெயிச்சது யாரு?"

"எங்கம்மா" என்றாள்.

திங்கட்கிழமை ஒரு தாளில் மேஜையை வரைந்தாள். தன் ஆட்கள் எங்கெங்கே செத்தார்கள் என்று நினைவிலிருந்து நீலப் பென்சிலால் புள்ளி வைத்தாள். அவள் தொழிலில் நீலத்துக்கு ஒரு பொருள் உண்டு. புதுப் பல் செட்டுக்கு நடுவே நீலத் தாளை வைத்துக் கடிக்கச் செய்வார்கள். எங்கே நீலம் அழுத்தமாக ஒட்டுகிறதோ அந்த இடம் உயரமாக இருக்கிறது. அதைத் தேய்க்க வேண்டும்.

புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. குள்ளர்களின் தலைவன் நின்ற இடம். இங்கே இன்னும் தேய்க்க வேண்டும் என்று நினைத்தாள். ஆட்டத்துக்கு நாற்பது பேரை அனுப்பியது போதாது, அறுபது பேரை அனுப்ப வேண்டும். இரண்டு நாள் இதே முடிவோடு இருந்தாள்.

புதன்கிழமை ஒரு கீழ்ச் செட் கெட்டுப்போனது. நீலம் ஒட்டிய இடத்தைத் தேய்த்தாள். மறுபடி ஒட்டியது. மறுபடி தேய்த்தாள். பல் தேய்ந்து குழியான பிறகுதான் பார்த்தாள், செட் பின்பக்கம் அச்சில் சரியாக உட்காரவே இல்லை. கோளாறு நீலம் இல்லாத இடத்தில் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்தாள். நீலம் படாத இடங்களைப் பார்த்தாள். மூன்று மேடுகளும் வெள்ளையாக இருந்தன.

கைக்கு அகப்பட்ட உயரத்தைத் தேய்ப்பது தன் கையின் பழக்கம் என்று அவளுக்குத் தெரிந்தது. மேடுகளைப் பிடிப்பதுதான் ஆட்டம். குள்ளர்களைக் கொல்ல வேண்டும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

இன்னொரு கேள்வியும் வந்தது. டிரைவர் ஏன் எப்போதும் முரசுக்காரனை நோக்கி வருகிறார்? அதற்கு விதியிலேயே பதில் இருந்தது. முரசுக்காரன் விழுந்தால் அவனைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஓடிவிடுவார்கள். அவள் அவனைக் கூட்டத்துக்கு நடுவிலேயே பத்திரமாக வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய எண்பத்தைந்து பேரையும் மேஜையில் பரப்பினாள்.

"இத்தனை பேர என் வண்டியில ஏத்தினா ரெண்டு ட்ரிப் அடிக்கணும்" என்றார் டிரைவர். பிறகு கதவுப் பக்க மூலையைப் பார்த்தார். முரசுக்காரன் அங்கே தனியாக நின்றான்.

"என்னக்கா, இவன் மட்டும் ஒதுங்கி நிக்கறான்?"

"காத்து வாங்கறான்."

சைக்கிள் கடைக்காரர் சிரிக்காமல் இருக்க மூக்கைச் சொறிந்துகொண்டார்.

முதல் சுற்றில் டிரைவர் தலைவனையும் கூட இருவரையும் மூலைப் பக்கம் திருப்பினார். இரண்டாவது சுற்றில் இன்னும் மூவரை அனுப்பினார். மிச்சம் மூவர் ஜன்னல் மேட்டில் ஏறி நின்றார்கள். அந்தப் பக்கம் அவள் ஒருவனைக்கூட அனுப்பவில்லை.

மூலைக்குப் போகும் வழியில் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தினாள். குள்ளர்கள் அவர்களை வெட்டி முடிக்க ஒரு சுற்று ஆனது. அடுத்த பத்துப் பேர். இன்னொரு சுற்று. செத்தவர்களை எடுத்து டப்பாவில் போடும்போது அவள் கை தயங்கவில்லை. இத்தனை வாரமும் அவள் செத்த ஆட்களை எண்ணினாள். இன்று சுற்றுகளை எண்ணினாள். முரசுக்காரனை மட்டும் ஒவ்வொரு முறையும் இரண்டு விரலால் எடுத்து இன்னும் கொஞ்சம் பின்னால் வைத்தாள். ஐந்தாவது சுற்றில் மேஜை முடிந்துவிட்டது. அவனுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"மாட்டினான்" என்றார் டிரைவர்.

அவள் மேடுகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். தாளில் எல்லாம் சரியாக வந்தது. எங்கோ ஒரு மேட்டில் ஓர் ஆளைத் தவறாக எண்ணியிருந்தால், இன்று மாலை அவன் வேறு வீட்டில் இருப்பான்.

ஆறாவது சுற்றில் தலைவன் போய்ச் சேர்ந்தான். டிரைவர் பகடையை உள்ளங்கையில் குலுக்கி உருட்டினார். ஐந்து. முரசுக்காரன் விழுந்தான். டிரைவர் அவனை எடுத்து, பெயிண்ட் உரியாமல், துணிமேல் மெதுவாகப் படுக்கவைத்தார். ஏற்கெனவே தன்னுடையவன் போல.

"சாண் அளங்க" என்றார் நடுவர்.

டிரைவர் கையை விரித்தார். சாண் தூரத்துக்குள் பச்சை ஆள் ஒருவனும் இல்லை. ஓட வேண்டியவர்கள் யாரும் இல்லை. அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தி மேஜை முழுவதையும் பார்த்தார். ஆறு குள்ளர்களும் கடந்துவந்த கதவு மேட்டில் பத்தொன்பது பேர் ஏறியிருந்தார்கள். நடு மேட்டில் இருபது பேர். திரும்பிப் போக அவருக்குச் சுற்று மிச்சமில்லை. கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்து, ஒரு பயணிகூட இல்லை என்று கண்டவர் போல இருந்தார்.

"அடப்பாவி அக்கா" என்றார்.

"என் குள்ளன் ஒருத்தனும் சாகலியே?" என்றார் மறுபடி.

"சாக வேண்டாமே தம்பி."

நடுவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, "அக்கா கேக்கலாம்" என்றார்.

டிரைவர் ஒன்பது பேரையும் வரிசையாக நிறுத்தினார். நிறுத்தும்போது அவர் விரல்களைப் பார்த்தாள். தொண்ணூறில் ஒன்று போவதும் ஒன்பதில் ஒன்று போவதும் ஒன்றல்ல. ஐந்து வாரமும் தன்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டு விளையாடியது அவர்தானோ?

"தலைவனத்தானே?" என்றார் டிரைவர்.

"அவன் வேண்டாம். அவன் இல்லாம அடுத்த வாரம் நான் எதைத் தெரிஞ்சுக்கறது?"

ஜன்னல் மேட்டில் ஆறு சுற்றும் சும்மா நின்ற மூவரில் ஒருவனைக் காட்டினாள். மஞ்சள் பெல்ட் போட்டவன். அவருக்கு அதிகம் வலிக்காது என்று நினைத்தாள்.

"இவன் போதும்."

டிரைவர் அவனை எடுத்துக் கட்டைவிரலால் தலைத் தூசியைத் துடைத்தார். உடனே கொடுக்கவில்லை.

"முதல்ல பூசினது இவனத்தான்க்கா. கண்ணு ஆபரேஷன் ஆகி அஞ்சு மாசம் வீட்டுல இருந்தேன். திரும்ப வண்டி குடுப்பாங்களான்னே தெரியல. நேர்கோடு நேராத் தெரியுதான்னு பாக்க இவன் பெல்ட்டத்தான் போட்டுப் போட்டுப் பாத்தேன்."

அவள் நடுவரைப் பார்த்தாள்.

"சொன்னது சொன்னதுதான்" என்றார் நடுவர், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி."

"நீங்க உங்க ஆளப் பத்திச் சொன்னீங்களா?"

அவள் சொன்னதில்லை. கையை நீட்டினாள். அவர் வைத்தார்.

ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் கோடு முன்பக்கம் நேராக இருந்தது. முதுகுப் பக்கம் ஓரிடத்தில் லேசாக இறங்கி மறுபடி ஏறியிருந்தது.

"இங்க ஆடியிருக்கு" என்றாள்.

டிரைவர் எழுந்து வந்து, அவள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார்.

"அங்கதான்க்கா முடியாதுன்னு கைய எடுத்துட்டு, திரும்பவும் வெச்சேன்."